இணை நிரலாக்கத்தில் விசைப்பலகை யார் கையில் இருக்க வேண்டும்? வேலூர்ப் பகுதியில் புதியவர்களுக்குக் கற்பிப்பது குறித்து

காட்பாடி நிரலர் (இழையைத் தொடங்கியவர்)

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பகுதிகளிலிருந்து மென்பொருள் வேலைக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு, வார இறுதிகளில் காட்பாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து நிரலாக்கம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். வருபவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். வரையறைகளைக் கேட்டால் தடுமாறாமல் சொல்கிறார்கள். ஆனால் வெற்றுத் திரையின் முன் அமரவைத்து எழுதச் சொன்னால் கை நகர மறுக்கிறது. இதை அறிவுக் குறையாக நான் கருதவில்லை. எழுதும் ஒவ்வொரு வரியையும் யாரோ திருத்தக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே பதினைந்து, பதினாறு ஆண்டுகள் படித்து வந்தவர்களுக்கு, தவறான வரியை எழுதி, ஓட்டிப் பார்த்து, அடித்துவிட்டு மறுபடி எழுதுவதுதான் இந்த வேலையின் அன்றாட நடை என்பதை யாரும் காட்டியதில்லை.

அதைக் காட்டுவதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி இணை நிரலாக்கம். இருவருக்கு ஒரே கணினி, ஒரே சிக்கல். ஒருவர் எழுதுகிறார், மற்றவர் அடுத்து என்ன செய்யலாம், எங்கே இடிக்கிறது என்று பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார், சற்று நேரத்தில் இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். இருவர் சேர்ந்து நிரல் எழுதுவது அதற்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறையின் வழியாகத்தான் இது ஒரு முறையாகப் பரவியது. கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளை எழுதிய குழுவில் அவர் உருவாக்கிய பழக்கங்களுள் இதுவும் ஒன்று.

என் கருத்து இரண்டு. முதலாவது, தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து அமரும்போது விசைப்பலகை பெரும்பாலான நேரம் தெரியாதவர் கையில் இருக்க வேண்டும். லூவெலின் ஃபால்கோ என்ற மென்பொருள் பயிற்சியாளர் இதை ஒரு கண்டிப்பான விதியாகவே சொல்கிறார்: உங்கள் தலையில் உள்ள யோசனை கணினிக்குள் போக வேண்டுமானால், அது இன்னொருவரின் கைகள் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டாவது, தெரிந்தவர் தனக்கு விடை முன்பே தெரிந்த சிக்கலை எடுத்துக்கொண்டு அமரக் கூடாது. அவருக்கும் விடை தெரியாத இடத்தில்தான் புதியவர் உண்மையில் கற்க வேண்டியது நடக்கிறது. கற்பிக்கும் அனுபவமுள்ளவர்களும் கற்றுக்கொண்டிருப்பவர்களும் தங்கள் பார்வையைச் சொல்ல வேண்டுகிறேன்.

---

ஆய்வக ஆசிரியை

வேலூருக்கு அருகே ஒரு கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். தொடங்கியவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒரு குழப்பத்தை முதலிலேயே நீக்கியாக வேண்டும். எங்கள் பகுதிக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் ஒரே கணினியின் முன் இருவராகவும் மூவராகவும் அமர்வது புதிதன்று. கணினி போதாததால் அப்படி அமர்கிறார்கள். அது இணை நிரலாக்கம் ஆகாது. ஆங்கிலவழியில் படித்து வந்தவர், அல்லது வீட்டில் மடிக்கணினி உள்ளவர், விசைப்பலகையை எடுத்துக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவர் திரையில் வந்த வெளியீட்டை ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மூன்று ஆண்டுகள் இப்படியே அமர்ந்து, ஒரு வரி கூடத் தானாக எழுதாமல் செய்முறைத் தேர்வில் மனப்பாட நிரலை எழுதித் தேர்ச்சி பெற்றுவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே என் வகுப்பில் இடம் மாறுவதை மாணவர்களின் விருப்பத்துக்கு விடுவதில்லை. குறித்த நேரம் ஆனதும் நானே சொல்கிறேன். எழுந்து நாற்காலி மாற வேண்டும். அடுத்து, ஒரு நிரலைப் பற்றி நான் கேட்கும் கேள்விக்கு, அப்போது தட்டச்சு செய்யாமல் இருந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது ஏற்பாடு செய்த மாற்றம் பெரிது. எழுதுபவர் தன் இணைக்கு விளக்காமல் முன்னே போக முடியாது. இணையும் புரியாததைக் கேட்காமல் இருக்க முடியாது. 'எனக்குப் புரியலை, மறுபடி சொல்லு' என்று சக மாணவியிடம் கேட்பதற்கு, வகுப்பு முழுவதும் கேட்க ஆசிரியரிடம் எழுந்து கேட்கும் துணிவு தேவைப்படுவதில்லை.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கட்டுரையில் நான்கு ஊற்றுகளாகப் பிரித்துக் காட்டினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், பதற்றம் போன்ற உடல், மன நிலைகளை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது. முதலாவதே வலிமையானது என்பது அவர் கருத்து. நம் வகுப்பறைகளில் ஊக்கச் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற மூன்றையும் மறந்துவிடுகிறோம். ஒரு நல்ல இணையில் நான்கும் ஒரே மணி நேரத்துக்குள் கிடைக்கின்றன என்பதே இம்முறையை நான் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம்.

---

பாலாற்றங்கரை

சொந்த ஊர் வாலாஜாபேட்டை. சென்னையில் ஒரு மென்பொருள் குழுவை நடத்துகிறேன். நான் மாறுபட விரும்புகிறேன்.

இணை நிரலாக்கத்தின் பலனைச் சொல்பவர்கள் அதன் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007இல் வெளியான ஆரிஷோம் குழுவினரின் ஆய்வில், நார்வே, சுவீடன், பிரிட்டன் நாடுகளைச் சேர்ந்த 295 தொழில்முறை ஜாவா நிரலர்கள் கலந்துகொண்டனர். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், இணைகள் தனியாட்களைவிட விரைவாக முடிக்கவில்லை; செலவான உழைப்போ 84 விழுக்காடு கூடுதல். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2009இல் வந்த தொகுப்பாய்விலும் நிரலின் தரத்தில் கிடைத்த ஆதாயம் சிறியதாகவே இருந்தது. சிறு நிறுவனங்கள் இதை எப்படித் தாங்கும்?

அதைவிட முக்கியமான கவலை ஒன்று உண்டு. நேர்முகத் தேர்வில் பிள்ளைகள் தனியாகத்தான் அமர வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் ஓடும் கை, அங்கே நின்றுவிடாதா? துணையோடு வந்த துணிவு துணை போனதும் போய்விடும் என்றால், அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

---

பேரணாம்பட்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். காட்பாடி வகுப்புக்கு வருபவர்களில் நானும் ஒருத்தி. பாலாற்றங்கரை ஐயா கேட்ட கேள்விக்கு என்னால் கருத்தாகப் பதில் சொல்ல முடியாது. நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

வேலூரில் மருத்துவமனைக்காக வங்காளம், ஜார்க்கண்ட் போன்ற இடங்களிலிருந்து வந்து வாரக்கணக்கில் விடுதிகளில் தங்குபவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அத்தகைய விடுதி ஒன்றில் அறை பதிவு செய்வது போன்ற ஒரு பயிற்சி நிரலை ஜாவாஸ்கிரிப்டில் நானும், எனக்கு இணையாக அமர்ந்த அக்காவும் எழுதிக்கொண்டிருந்தோம். அவர் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். நாட்காட்டியில் மார்ச் 10 என்று தேர்ந்தெடுத்தால், சேமித்த பட்டியலில் மார்ச் 9 என்று வந்தது. எந்தத் தேதியைக் கொடுத்தாலும் ஒரு நாள் முன்னால் போய் நின்றது.

பிழை என்னுடையது என்றே நினைத்தேன். எங்கேயோ ஒன்றைக் கழித்துவிட்டேன் என்று வரிவரியாகத் தேடினேன். அக்கா விசைப்பலகையைத் தொடவே இல்லை. 'எனக்கும் இது ஏன்னு தெரியலை. தரவுத்தளத்துல மாறுதோன்னு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா சந்தேகம்தான். சேமிக்கறதுக்கு முன்னாடி அந்த மதிப்பை அப்படியே அச்சிட்டுப் பார்ப்போமா?' என்றார். அச்சிட்டோம். சேமிப்பதற்கு முன்பே மார்ச் 9 என்றுதான் இருந்தது. 'அப்ப தரவுத்தளம் இல்லை, என் சந்தேகம் தப்பு' என்று சொல்லிவிட்டு, ஒரு தாளில் அதை அடித்தார்.

அந்த வரியில் தேதியோடு நேரமும் இருந்தது: 18:30:00. நான் நள்ளிரவைத்தானே கொடுத்தேன், 18:30 எங்கிருந்து வந்தது என்று வாய்விட்டுக் கேட்டேன். அக்கா பதில் சொல்லாமல், 'நீயே சொல்லு, எவ்வளவு வித்தியாசம்?' என்றார். நள்ளிரவுக்கும் 18:30க்கும் இடையே ஐந்தரை மணி நேரம். இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பது பள்ளிப் புவியியலில் படித்தது. நம் ஊரில் மார்ச் 10 பிறக்கும்போது கிரீன்விச்சில் இன்னும் மார்ச் 9 மாலைதான். தேதியை எழுத்துச் சரமாக மாற்ற நாங்கள் பயன்படுத்திய செயற்கூறு, கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிய பிறகே எழுதித் தருகிறது என்று ஆவணத்தில் இருவரும் சேர்ந்து படித்தோம். ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை உள்ளூர் நேரத்திலிருந்து தனித்தனியாக எடுத்துக் கோத்து எழுதியதும் சரியானது. அதிலும், ஜாவாஸ்கிரிப்டில் மாதங்கள் பூச்சியத்திலிருந்து தொடங்குவதால் ஒன்று கூட்ட வேண்டியிருந்தது. அதை நான்தான் கவனித்தேன்.

இதில் எனக்குக் கிடைத்தது தேதியைப் பற்றிய பாடம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு அனுபவமுள்ள ஒருவர் 'எனக்குத் தெரியலை' என்று குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னார். ஒரு சந்தேகத்தை வைத்தார். அது பொய்த்ததும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். தெரியாமல் இருப்பது எனக்கு மட்டும் நேரும் அவமானம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பின்னர் ஒரு நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் தனியாக அமர்ந்தபோது, நிரல் ஓடாத இடத்தில் நான் செய்ததும் அதைத்தான்: மதிப்பை அச்சிட்டேன், ஒரு சந்தேகத்தை எழுதினேன், அடித்தேன், அடுத்ததை எழுதினேன். அக்கா பக்கத்தில் இல்லை, ஆனால் அவர் காட்டிய வழி என்னிடம் இருந்தது.

---

ஆரணி நெசவு

தங்கை எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். பழைய வட ஆற்காட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் பட்டு நெசவுதான் பிழைப்பு. உடலும் கரையும் வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலையைத் தறியில் ஒருவர் தனியாக நெய்ய முடியாது. கரைப்பக்கத்து நாடாவை எறிய அருகே இன்னொருவர் அமர்ந்தாக வேண்டும். இப்படி அமர்ந்தவர்கள்தான் நாளடைவில் நெசவாளர்கள் ஆனார்கள். ஆனால் தொடங்கியவர் சொன்ன இடமாற்றம் அங்கே கிடையாது. உதவிக்கு அமர்ந்தவர் ஆண்டுக்கணக்கில் கரைப்பக்கத்திலேயே இருப்பார். முழுத் தறியையும் தன் கையால் ஓட்டிப் பார்க்கும் நாள் வரப் பல ஆண்டுகள் ஆகும். சிலருக்கு அது வராமலே போகும். ஆய்வக ஆசிரியை நாற்காலி மாறச் சொல்வதன் அருமை எனக்கு இதனால்தான் நன்றாகப் புரிகிறது.

---

ஆய்வக ஆசிரியை

பாலாற்றங்கரை அவர்களின் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில், அறிமுக நிரலாக்கப் பாடம் எடுத்த சில நூறு மாணவர்களை மெக்டவல், வெர்னர் முதலியோர் ஒப்பிட்டுப் பார்த்தனர். அதன் முடிவுகள் 2006இல் வெளியாயின. இணையாக எழுதிய மாணவர்கள் தங்கள் நிரலின் மீது கூடுதல் நம்பிக்கை தெரிவித்தனர். பாடத்தைப் பாதியில் விடாமல் இறுதிவரை முடித்தவர்களின் பங்கும் அவர்களிடையே அதிகம். அதன் பிறகு தனியாகவே எழுத வேண்டிய அடுத்த பாடத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை. துணை போனதும் துணிவு போய்விடும் என்ற கவலைக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட 295 பேர் ஆய்வையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். அதில் அனுபவம் குறைந்தவர்கள், சிக்கலான அமைப்பில் இணையாக வேலை செய்தபோது விடையின் சரித்தன்மையில் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். மூத்தவர்களுக்குத்தான் அந்த ஆதாயம் கிடைக்கவில்லை. நாம் பேசிக்கொண்டிருப்பதோ புதியவர்களைப் பற்றி. யூட்டா பல்கலைக்கழகத்தில் 1999இல் லாரி வில்லியம்ஸ் நடத்திய சோதனையில், முதல் பயிற்சியில் இணைகளுக்குச் சுமார் 60 விழுக்காடு கூடுதல் உழைப்பு பிடித்தது. பழகிய பின் அது சுமார் 15 விழுக்காடாகக் குறைந்தது. பழகுவதற்குக் கொடுக்க வேண்டிய காலத்தைக் கொடுக்காமல் முதல் வாரக் கணக்கை வைத்து முடிவு செய்யக் கூடாது என்றே இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

---

பாலாற்றங்கரை

சான்டா குரூஸ் முடிவுகளைச் சொன்னதற்கு நன்றி. கற்பிக்கும் இடத்துக்கு இதை ஏற்கிறேன். நிறுவனத்தில் எல்லா வேலைக்கும் இருவரை அமரவைக்க வேண்டும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில மாதங்களும், யாருக்கும் பிடிபடாத பிழை வரும் நாட்களும் போதும் என்பதே என் நிலை. அந்தச் சில மாதங்களுக்கான செலவைப் பயிற்சிச் செலவில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு மேலாளர்களிடம் வாதாடுவது எளிது.

---

இராணிப்பேட்டை நிரலர்

குழந்தை பிறந்த பின் சில ஆண்டுகள் இடைவெளி விட்டு மீண்டும் வேலையில் சேர்ந்தவள். வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். இணையாக அமர்பவர் பெங்களூரில் இருக்கிறார். விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் எழுதும் செயலியின் லைவ் ஷேர் வசதி வழியாக இருவரும் ஒரே கோப்பைத் திறந்து எழுதுகிறோம். வேலைக்காக இரவில் ஊர் திரும்ப முடியாத பெண்களுக்கும், காட்பாடி சந்திப்பில் ரயில் பிடித்து நாள்தோறும் சென்னைக்குப் போய்வர இயலாதவர்களுக்கும் இது பெரிய வாய்ப்பு.

ஆனால் இம்முறை ஒருவரை உடைக்கவும் கூடும் என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை. இடைவெளிக்குப் பின் நான் முதலில் சேர்ந்த ஓர் இடத்தில், மூத்தவர் ஒருவர் நான் ஒரு வரியை முடிக்கும் முன்பே மவுஸைப் பிடுங்கிக்கொள்வார். 'இதுகூடத் தெரியாதா' என்று அவர் வாயால் சொன்னதில்லை, பெருமூச்சு விடுவார். அங்கே இருந்த வரை எனக்குத் தெரிந்ததும் மறந்துபோனது. பண்டூரா சொன்ன நான்கு ஊற்றுகளும் எதிர்த்திசையிலும் ஓடக்கூடியவை. ஆகவே இப்போது நான் புதியவர்களோடு அமரும்போது எழுத்துப் பிழையைக் கண்டாலும் உடனே சொல்வதில்லை. அவர்களே பார்க்கிறார்களா என்று சில நொடிகள் பொறுக்கிறேன். திரையில் சிவப்புக் கோடு விழுவதைப் பெரும்பாலும் அவர்களே கண்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, சேர்ந்து எழுதிய நிரலை, நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் (Git) என்ற கருவியில் பதியும்போது, பதிவுச் செய்தியின் கடைசியில் இணை ஆசிரியரின் பெயரைத் தனி வரியாகச் சேர்க்கலாம். அப்படிப் பதிந்த நிரல்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளம் 2018 முதல் அதைப் புரிந்துகொண்டு இருவரின் படத்தையும் காட்டுகிறது. தன் பெயர் ஒரு பெரிய திட்டத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஏறுவதைப் பார்க்கும் பெண்ணுக்கு அது சிறிய விஷயமாக இருப்பதில்லை. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

---

பேரணாம்பட்டு மாணவி

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வகுப்பில் மூத்தவர்கள் குறைவு. இருவருமே புதியவர்களாக இருந்தால் என்ன செய்வது? இருவரும் சேர்ந்தே தவறான வழியில் வெகுதூரம் போய்விடுகிறோம்.

---

காட்பாடி நிரலர்

தங்கையின் கேள்வி நியாயமானது. இருவரும் புதியவர்கள் என்றால், வேலையை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். முதலாமவர் ஒரு சோதனையை, அதாவது நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சிறு நிரலை, மட்டும் எழுதட்டும்: 'மார்ச் 10ஐக் கொடுத்தால் மார்ச் 10 திரும்பி வர வேண்டும்'. அது தோல்வியடைவதை இருவரும் கண்ணால் பார்த்த பின், அதைத் தேறவைக்கும் நிரலை மற்றவர் எழுதி, அடுத்த சோதனையையும் அவரே எழுதி, விசைப்பலகையைத் திருப்பித் தரட்டும். பந்து இருபுறமும் போய்வருவதால் இதைப் பிங்பாங் முறை என்கிறார்கள். மூத்தவர் இல்லாத இடத்தில் சோதனைதான் உங்களைத் தடுத்து நிறுத்தும். தவறான வழியில் சில வரிகளுக்கு மேல் போக முடியாது. அப்படியும் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டால், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று தாளில் எழுதிவைத்துவிட்டு எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் கூப்பிட வேண்டாம். அதை எழுதும்போதே பாதிப் பிழைகள் அகப்படும்.

இராணிப்பேட்டை நிரலர் சொன்னதை எங்கள் வகுப்பில் கற்பிப்பவர்கள் அனைவரிடமும் படித்துக்காட்டப் போகிறேன். வரும் சனிக்கிழமை முதல், கற்பிப்பவர் எவரும் அனுமதி கேட்காமல் மாணவரின் மவுஸைத் தொடக் கூடாது என்பதை விதியாக வைக்கிறோம். இடமாற்றத்துக்கு இருபது நிமிடம் என்று தொடங்கி, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்வோம். பாலாற்றங்கரை அவர்கள் ஊருக்கு வரும் வார இறுதியில், தங்கள் குழுவில் தீராமல் நிற்கும் பிழை ஒன்றை, வெளியே காட்டக்கூடியதாக இருந்தால், எடுத்து வர முடியுமா? விடை தெரியாத உண்மையான சிக்கல்தான் எங்களுக்குக் கிடைப்பது அரிதாக இருக்கிறது.

---

பாலாற்றங்கரை

முடியும். நிறுவனத் தரவை நீக்கிவிட்டு, அதே பிழையைக் காட்டும் சிறு நிரலாக எழுதிக்கொண்டு வருகிறேன். அறிக்கையில் மொத்தத் தொகை சில வேளைகளில் ஒரு பைசா குறைகிறது. எங்களில் யாருக்கும் இன்னும் காரணம் தெரியவில்லை. விசைப்பலகையில் பேரணாம்பட்டு மாணவியே அமரட்டும்.